விழாத வட்டங்கள்

1957 அக்டோபர் முதல் தேதி பிரிட்டனில் சாதாரணக் கடிதத்துக்கான தபால் கட்டணம் இரண்டரைப் பென்னியிலிருந்து மூன்று பென்னிக்கு ஏறியது. புதுக் கட்டணத்துக்கு ஏற்றபடி தபால் துறை ஒரு புக்லெட் போட்டது. உள்ளே 3 பென்னி ஸ்டாம்ப் 18. விலை 4 ஷில்லிங் 6 பென்னி. சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற அளவுதான். மூன்று பக்கங்கள், ஒவ்வொன்றிலும் மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு ஸ்டாம்ப். ஊதா நிறம். டோரதி வில்டிங் எடுத்த புகைப்படத்திலிருந்து வந்த எலிசபெத் ராணியின் இளவயது முகம். இடது ஓரத்தில் ஒரு வெற்றுப் பட்டை விட்டிருப்பார்கள். அந்தப் பட்டையைத்தான் அட்டையோடு சேர்த்து நூலால் தைத்திருப்பார்கள்.

அப்படியொரு புக்லெட் என்னிடம் இருக்கிறது. மொத்தமாக வாங்கிய பழைய கட்டு ஒன்றில் வந்தது. அதன் இரண்டாவது பக்கத்தில், வலது கோடியில், மேல் ஸ்டாம்புக்கும் கீழ் ஸ்டாம்புக்கும் நடுவே துளை வரிசை இல்லை. மற்ற இரண்டு ஜோடிகளுக்கு நடுவிலும் கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக ஓடிவந்த துளைகள் மூன்றாவது ஜோடிக்கு வந்ததும் நின்றுவிடுகின்றன. அதற்கப்புறம் வழவழவென்று வெள்ளைத் தாள்.

அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத் துளையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1840 மே மாதம் உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் லண்டனில் வந்தபோது அதில் துளையே கிடையாது. ஒரு தாளுக்கு 240 ஸ்டாம்ப். அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பதால் அந்தக் கணக்கு. தேவைப்பட்டதைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் பக்கத்து ஸ்டாம்பின் உடம்பிலும் கத்தரி பாயும். இன்றைக்கும் நாலு பக்கமும் வெள்ளை ஓரம் தப்பிய பென்னி பிளாக்குக்குத்தான் மதிப்பு அதிகம். ஹென்றி ஆர்ச்சர் என்ற அயர்லாந்துக்காரர் 1847-இல் இதற்கொரு வழி யோசித்தார். முதலில் சின்னச் சின்னக் கத்திகளால் தாளைக் கீறிப் பார்த்தார், சரிப்படவில்லை. பிறகு ஊசிக்கு வந்தார். ஊசி மேலிருந்து இறங்கும், தாளைத் துளைக்கும், கீழ்த் தகட்டில் தனக்கென்று இருக்கும் ஓட்டைக்குள் போய்த் திரும்பும். 1853-இல் அரசாங்கம் 4,000 பவுண்டு கொடுத்து அந்த இயந்திரத்தின் உரிமையை அவரிடமிருந்து வாங்கியது. அடுத்த ஆண்டு துளையிட்ட ஸ்டாம்புகள் முறைப்படி விற்பனைக்கு வந்தன.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். முதலில் இரண்டு சென்டிமீட்டருக்கு 16 துளை போட்டார்கள். தாளைக் கையில் எடுக்கும்போதே பிய்ந்து பிய்ந்து வந்தது. 1855-லேயே அதை 14 ஆக்கினார்கள். இரண்டே துளைதான் வித்தியாசம்; ஆனால் அந்த இரண்டுக்குள் எவ்வளவோ இருக்கிறது. துளைக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சுகிற தாள், பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டும், கேட்டால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். துளை போடுகிறவர் உண்மையில் அளப்பது துளையை அல்ல, மிச்சம் நிற்கிற தாளை. நம் ஊர் அச்சகங்களில் பில் புக்குக்குப் பெர்ஃபரேஷன் போடுகிறவர்களுக்கும் இது தெரியும். நெருக்கமாகப் போட்டால் ரசீது கடைக்காரர் கையிலேயே உதிரும். தள்ளிப் போட்டால் கிழிக்கும்போது பாதி ரசீது புத்தகத்திலேயே தங்கிவிடும்.

துளைகளை இரண்டு சென்டிமீட்டருக்கு இத்தனை என்று எண்ணும் முறையை 1866-இல் கொண்டுவந்தவர் பாரிஸைச் சேர்ந்த லெக்ராண்ட் என்ற மருத்துவர். இன்றைக்கு வரை உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அவருடைய கணக்கில்தான் பேசுகிறார்கள். என் புக்லெட்டின் அளவு 15-க்கு 14. அதாவது அகலவாட்டில் 15, உயரவாட்டில் 14. ஒரு ஸ்டாம்பின் அகலம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். ஆகவே என் ஜோடிக்கு நடுவில் காணாமல் போனவை சுமார் 15 துளைகள். 15 துளை விழுந்திருந்தால் 15 குட்டி வட்டங்கள் இயந்திரத்தின் அடியில் குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும். அவை போகவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகத் தாளோடு தாளாகவே இருக்கின்றன.

புக்லெட்டில் தவறு தேடுவது தனித் தாளில் தேடுவது போலல்ல. புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலில் ஏமாறுவது ஓரங்களில்தான். பெரிய தாளாக அச்சடித்து, துளை போட்டு, அட்டையோடு சேர்த்துத் தைத்து, கடைசியில் கட்டிங் மெஷினில் கொடுத்துத் தனித்தனிப் புத்தகமாக வெட்டுகிறார்கள். கத்தி துளை வரிசையின் நட்டநடுவே போனால் இரண்டு பக்கமும் பாதிப் பாதித் துளை தங்கி, பல் பல்லாக நிற்கும். மயிரிழை விலகினாலும் ஒரு பக்கத்துப் பல் மழுங்கிவிடும். கொஞ்சம் அதிகமாக விலகினால் ஓரம் நேர்கோடாகவே ஆகிவிடும். இதைப் பார்த்துவிட்டு, துளையே போடாத ஸ்டாம்ப் கிடைத்துவிட்டது என்று துள்ளுகிறவர்கள் உண்டு. ஆனால் அது குறைதான், அரிய பிழை அல்ல. ஸ்டான்லி கிப்பன்ஸ் விலைப்பட்டியலில் இந்தப் பக்கங்களுக்குப் போட்டிருக்கும் விலை பற்கள் நன்றாக இருப்பவற்றுக்குத்தான். மழுங்கியவை மதிப்புக் குறைவு. அமெரிக்கப் புக்லெட்டுகளிலோ 1900-இல் முதல் புத்தகம் வந்த காலத்திலிருந்தே வெளி ஓரம் நேர்கோடாக இருப்பதுதான் வழக்கம். அங்கே அது குறைகூட இல்லை.

ஆக, புக்லெட்டின் ஓரம் சாட்சி சொல்லாது. உள்ளே, இரண்டு ஸ்டாம்புக்கு நடுவில் இருக்கிற இடம்தான் சாட்சி. ஒற்றை ஸ்டாம்பைக் கொண்டுவந்து துளையில்லை என்று யார் காட்டினாலும் விவரம் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கத்தரிக்கோல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிரியாமல் ஒட்டி நிற்கிற இரண்டு வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சீப்பு மாதிரி அமைந்த ஊசித் தலை ஒரே அடியில் மூன்று பக்கமும் துளைத்து, நகர்ந்து, மறுபடி அடிக்கும். ஊசி மழுங்கியோ, கீழ்த் தகட்டின் ஓட்டையில் தாள்தூள் அடைத்தோ ஓரிடத்தில் துளை விழவில்லையென்றால், அது ஒரே ஒரு அடியோடு போயிருக்காது. அடுத்தடுத்த அடியிலும் அதே இடத்தில் விழாமல் இருந்திருக்கும். அப்படியானால் என் புக்லெட்டுக்குக் கூடப்பிறந்தவை சில இருந்திருக்க வேண்டும். அவற்றை வாங்கிய யாரோ ஒருவர், தபால் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, கிழிய மறுத்த ஸ்டாம்பை இழுத்து, ராணியின் முகத்தையே இரண்டாகக் கிழித்து, சலித்துக்கொண்டு ஒட்டியிருப்பார். அந்தப் பிழைகள் கடிதத்தோடு போய்விட்டன. என்னிடம் இருப்பது தப்பிப் பிழைத்தது. யாரோ ஒருவர் கடிதம் எழுதாமல் விட்டதால் பிழைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர்கள் கூடும் இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெரியவர் வருவார். ஐம்பது வருஷமாகப் பிரிட்டிஷ் ஸ்டாம்ப் மட்டுமே பார்த்தவர். விலை பேசுகிற பக்கம் அவர் போவதே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்லுவார்.

"என்ன தம்பி, முகமெல்லாம் பூரிச்சுக் கெடக்கு?"

"ஒண்ணு மாட்டியிருக்குங்க ஐயா. நடுவுல துளையே விழல."

இடுக்கியால் பக்கத்தைப் பிடித்தார். நான் காட்டிய இடத்தை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்து ஜோடியைப் பார்த்தார். துளை ஒழுங்காக விழுந்திருக்கிற ஜோடி. அதில் ஒவ்வொரு துளையாக லென்ஸை நகர்த்திக்கொண்டே வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அது இல்லீங்க, கடைசி ஜோடி" என்றேன். அவர் நிமிரவில்லை. சரியாக விழுந்த துளைக்கு விளிம்பு எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் தாள் நார் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஊசி எந்தப் பக்கமிருந்து இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் விழாத துளையைப் பற்றி அவர் பேசுவதில்லை என்று பிறகுதான் புரிந்தது.

"முன்பக்கம் பாத்துட்டீங்க. பின்பக்கம் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். பசை பளபளத்தது, வேறொன்றும் தெரியவில்லை என்றேன்.

அவர் பக்கத்தைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் தவழ்ந்து வருகிறபடி, கிட்டத்தட்டக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்தார். மெல்லச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். சாயங்கால வெயிலில் வயல்வரப்பு நிழல் விழுவதைப் போல, வழவழவென்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த அந்தப் பசையின் மேல் ஒரு நிழல் எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு வரிசை. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னப் புடைப்பு.

"ஊசி வந்துருக்கு தம்பி. உள்ள போகல."

இதற்குக் குருட்டுத் துளை என்று பெயர். ஊசி தாளைத் தொட்டது, அழுத்தியது, ஆனால் துளைக்கவில்லை. வட்டம் முழுசாகப் பதிந்திருக்கிறது, விழவில்லை. சேகரிப்பில் இதற்கும் துளையே போடாத தாளுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. துளையில்லாதது என்று சொல்ல வேண்டுமென்றால் ஊசி தொட்ட தடமே இருக்கக் கூடாது. ஒரே ஒரு புள்ளியில் ஒரே ஒரு அழுத்தம் கிடைத்தால் போதும், அந்தப் பெயர் போய்விடும்.

எனக்கு வருத்தமாக இருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க ராத்திரி துளை இருக்கான்னு பாக்கல தம்பி. துளை இல்லேன்னு பாத்தீங்க."

பல நாள் இந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அப்போதுதான் அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நடந்த அதிபர் தேர்தல் நினைவுக்கு வந்தது. ஃபுளோரிடாவில் பல மாவட்டங்களில் வாக்குச்சீட்டில் ஊசியால் குத்தித்தான் ஓட்டுப் போட வேண்டும். குத்தினால் ஒரு சின்னத் தாள் துண்டு விழும்; இயந்திரம் அந்த ஓட்டையை எண்ணும். சில சீட்டுகளில் துண்டு விழாமல் தொங்கியது. சிலவற்றில் தொங்கக்கூட இல்லை. வெறும் குழி மட்டும் இருந்தது. புஷ்ஷுக்கும் கோருக்கும் இடையில் அறிவிக்கப்பட்ட இறுதி வித்தியாசம் 537 வாக்குகள். ஒரு நாட்டின் தலைமை அந்தக் குழிகளின் மேல் வந்து நின்றது. ப்ரோவர்டு மாவட்ட நீதிபதி ஒருவர் லென்ஸ் வழியே சீட்டைப் பார்க்கும்போது அவருடைய ஒரு கண் மட்டும் பூதாகாரமாகத் தெரிகிற புகைப்படம் அப்போது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. எங்கள் பெரியவர் ஜன்னலோரம் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். ஊசி வந்ததா? வந்து, உள்ளே போகாமல் திரும்பியதா? ஸ்டாம்பில் அந்தக் குழி ஓர் அரிய பொருளை இல்லாமல் ஆக்குகிறது. சீட்டில் அதே குழி ஒரு மனிதரின் விருப்பத்துக்குச் சாட்சி என்று ஒரு தரப்பு வாதாடியது. டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. சீட்டுகளை எண்ணிய அறைகளிலும், குழி இருந்தால் தேவலை என்று நினைத்த கண்கள் இருந்தன. இல்லாவிட்டால் தேவலை என்று நினைத்த கண்களும் இருந்தன. சீட்டு ஒன்றுதான்.

ஒன்று இருக்கிறது என்று சொல்வது எளிது. ஓரிடத்தில் காட்டினால் போதும். ஒன்று இல்லை என்று சொல்வதற்கு அது இருக்கக்கூடிய எல்லா இடத்தையும் பார்த்தாக வேண்டும். இதை நம்மவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் அளவை என்று ஒரு பகுதி உண்டு. நாம் எதையும் எப்படி அறிகிறோம் என்ற விசாரணை அது. காண்டல், கருதல், உரை ஆகியவற்றோடு அபாவம் என்பதும் அங்கே எண்ணப்படுகிறது. ஒன்று இல்லை என்பதை அறிகிற அறிவு. இந்தத் தரையில் குடம் இல்லை என்பதுதான் தருக்கம் படிக்கிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம். அதற்குத் தருக்க நூலார் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: குடம் இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்கிற நிலை அங்கே இருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று சொல்ல முடியாது.

என் மேசை விளக்கு நேர் மேலே இருந்தது. அந்த வெளிச்சத்தில் புடைப்புக்கு நிழல் விழாது. புடைப்பு இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இருந்தது, தெரியவில்லை. அறை முழுக்க வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் இருட்டில்தான் பார்த்திருக்கிறேன். அந்த இருட்டைக் கொண்டுவந்தது என் ஆசை. நான் எதையும் திரித்துப் பார்க்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் நினைக்கவில்லை. விளக்கை நகர்த்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆசை கண்ணை மறைப்பதில்லை. போதும், பார்த்தாகிவிட்டது என்று கையைத் தடுத்துவிடுகிறது.

லண்டனில் 1869-இல் தொடங்கிய ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டிக்கு வல்லுநர் குழு ஒன்று உண்டு. ஒரு ஸ்டாம்பை அனுப்பினால் ஆராய்ந்து சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழில்கூட, இது இன்னது என்று அடித்துச் சொல்லாமல், இன்னது என்பது குழுவின் கருத்து என்றுதான் எழுதுவார்கள். இத்தகைய குழுக்கள் சில நேரம் கருத்துச் சொல்ல மறுத்தும் திருப்பி அனுப்புவதுண்டு. முன்பெல்லாம் அதைத் தப்பித்துக்கொள்ளும் வழி என்று நினைத்தேன். இப்போது, வேறெந்த வரியை விடவும் நம்பத் தகுந்த வரி அதுதான் என்று தோன்றுகிறது.

இதற்கு நம் வீட்டிலேயே ஒரு சொல் இருக்கிறது. சாவி கிடைக்காவிட்டால் யாரும் சாவி இல்லை என்று சொல்வதில்லை. சாவியைக் காணோம் என்கிறோம். பேனாவைக் காணோம், பையனைக் காணோம். காணோம் என்றால் நாங்கள் காணவில்லை. அது சாவியைப் பற்றிய பேச்சே இல்லை, நம் கண்ணைப் பற்றிய பேச்சு. சாவி எங்கேயோ தன் பாட்டில் கிடக்கிறது. நாம் இன்னும் அங்கே போகவில்லை. அடுப்படியில் நின்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த இந்தச் சொல்லுக்குள் இவ்வளவு அடக்கம் இருப்பதை ஒரு ஸ்டாம்ப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் கண்டேன். மருத்துவர் நோய் இல்லை என்று எழுதும்போதும், கடவுள் உண்டா என்று நமக்குள் வழக்காடும்போதும், ஒருவரிடம் அன்பே இல்லை என்று முடிவு கட்டிவிட்டு வீட்டைவிட்டு இறங்கும்போதும், நாம் உண்மையில் எட்டியிருப்பது பெரும்பாலும் காணோம் வரைக்கும்தான். அதைத் தாண்டி இல்லை என்று சொல்கிற உரிமை, விளக்கை எல்லாப் பக்கமும் நகர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் வாய்க்கிறது. அவர்களோ அதை மிகவும் தயங்கித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை நான் விற்கவில்லை. குருட்டுத் துளைக்கும் சேகரிப்பில் இடம் உண்டு, விலை சொற்பமானாலும். பெரியவர் பிடித்த மாதிரி ஜன்னலோரம் படுக்கையாகப் பிடித்துப் பார்க்க நானும் பழகிக்கொண்டேன். காலை வெயில் ஏழரை மணிக்கு எங்கள் வீட்டு ஜன்னலில் தாழ்வாக வரும். அதுதான் நல்ல நேரம். இடமிருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று 14 வரை புடைப்பு தெளிவாக இருக்கிறது. வலது கோடியில், கத்தி போன விளிம்பை ஒட்டி, பதினைந்தாவது இருக்க வேண்டிய இடம் சமமாகத்தான் தெரிகிறது. ஊசி அங்கே ஒடிந்திருக்கலாம். தாள் நார் மறைத்திருக்கலாம். என் லென்ஸுக்கு எட்டாமல் இருக்கலாம்.

ஆல்பத்தில் அந்தப் பக்கத்துக்குக் கீழே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 1 முதல் 14 வரை தடம் உண்டு, 15, காணோம். ஒவ்வொரு முறை வெயிலில் பார்த்த பிறகும் பக்கத்தில் தேதி போடுகிறேன். இப்போது அங்கே ஆறு தேதிகள் இருக்கின்றன.